புதுக்கடைக்குப் போன சாட்சியம்

இலங்கையின் கீழ்க்கரை மக்கள் நீதிமன்றத்தைக் ‘கோடு’ என்றும், வழக்கை நடத்திக்கொடுப்பவரைப் பிறக்கிராசியார் என்றும், மேலான மன்றங்களில் எழுந்து வாதாடுபவரை அப்புக்காத்து என்றும் அழைத்துவந்த காலத்தில், கல்முனையிலோ மட்டக்களப்பிலோ ஒரு வழக்குத் தோற்றுப்போனால், அடுத்தபடியாக அவர்கள் வாயில் வந்த இடப்பெயர் புதுக்கடை என்பதாகும். கொழும்பு நகரின் நீதிமன்றங்கள் குழுமியிருக்கும் அப்பகுதியை ஒருமுறையேனும் கண்ணால் கண்டிராத மருதமுனைவாசியும், ‘புதுக்கடைக்கு அப்பீல் போட்டிருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்லக் கேட்டால், தறியை நிறுத்திவிட்டு, ‘எந்த அப்புக்காத்து பேசுகிறார்?’ என்று விசாரிக்கத் தவறமாட்டார். வழக்காளி ஊரிலேயே இருக்க, அவருடைய வழக்கு மாத்திரம் ஒரு கடதாசிக் கட்டாக வாவியையும் காட்டையும் தாண்டிச் சென்று, முகமறியாத நீதியரசர்களின் மேசைமேல் அமர்ந்தது. அக்கட்டுக்குள் என்ன இருந்தது, அதை அவர்கள் எவ்வாறு வாசித்தார்கள் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

மேன்முறையீடு என்றால் வழக்கை அடியிலிருந்து மறுபடியும் விசாரிப்பது என்று நம் பகுதியில் கற்றவரும் எண்ணுகின்றனர். சாட்சி திரும்பவும் கூண்டில் ஏறுவார், முதலில் சொல்ல மறந்ததை அப்போது சொல்லிவிடலாம், நியாயாதிபதி புதிய மனத்தோடு கேட்பார் என்பது அவர்களின் நம்பிக்கை. இலங்கையில் மேன்முறையீட்டின் வரலாறு ஏறக்குறைய முழுவதும் இந்நம்பிக்கைக்கு நேர்மாறான திசையிலேயே நடந்து வந்திருக்கிறது.

ஒல்லாந்தர் காலத்தில் லண்ட்ராட் என்னும் காணி மன்றங்களின் தீர்ப்பிலிருந்து கொழும்புக்கும், அங்கிருந்து பத்தாவியாவுக்கும் முறையீடு செல்ல வழியிருந்தது. ஆங்கிலேயர் 1801ஆம் ஆண்டின் நீதிப் பட்டயத்தால் உயர் நீதிமன்றத்தை ஸ்தாபித்தபோது, மேன்முறையீடுகளைக் கேட்பதற்கெனத் தேசாதிபதியே வீற்றிருக்கும் வேறொரு மன்றத்தையும் அதனருகே வைத்தார்கள். ஆளுகிறவரே அப்பீலையும் கேட்கும் இந்த வினோதத்தை, நீதி நிர்வாகத்தை ஆராய வந்த ஆணையாளர் சாள்ஸ் ஹே கமரன் கடிந்துரைத்ததன் பயனாக, 1833ஆம் ஆண்டுப் பட்டயம் அதனை ஒழித்துவிட்டு, பிரதம நீதியரசர் ஒருவரும் துணை நீதியரசர் இருவருமாக மூவரைக் கொண்ட ஒரே உயர் நீதிமன்றத்தை மேலே நிறுத்தி, அதன் கீழே மாவட்ட நீதிமன்றங்களை அமைத்தது. தீவு வடக்கு, தெற்கு, கிழக்கு என மூன்று சுற்றுகளாக வகுக்கப்பட்டு, நீதியரசர்களே ஊர் ஊராக வந்து அமர்ந்தனர். அதற்கும் மேலே, ஐந்நூறு பவுணுக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள குடியியல் விவகாரமாயின், இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்குச் செல்லும் வழி திறந்திருந்தது. அன்றைய நெற்காணியின் விலையை நினைத்தால், அவ்வழியில் சென்றிருக்கக்கூடிய கல்முனை வழக்காளிகள் எத்தனை பேர் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

மருதமுனை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். 1924ஆம் ஆண்டு கல்லடிப் பாலம் வரும்வரை, தெற்கே எருவிலிலிருந்தோ மருதமுனையிலிருந்தோ பட்டணத்துக் கோட்டுக்குப் போகிறவர் வாவியைத் தோணியில் கடந்தே செல்லவேண்டியிருந்தது. பாரதூரமான குற்ற வழக்குகளைச் சுற்றில் வந்த நீதியரசர் ஏழு யூரர்களோடு அமர்ந்து விசாரித்தார். ஏழில் ஐவரேனும் ஒருமனப்பட்டால் தீர்ப்பு. ஆங்கிலம், சிங்களம், தமிழ் என மொழிவாரியாக மூன்று யூரர் பட்டியல்கள் இருந்தபடியால், தமிழ் யூரர் அமர்ந்த வழக்கில், சாட்சி சொல்பவரின் பேச்சையும், அதன் இழுவையையும், கேள்விக்கு முன்னே வந்த தயக்கத்தையும் யூரர்கள் நேரே காதால் கேட்டனர். ஆங்கிலேய நீதியரசரோ மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னதையே கேட்டார். பதிவேட்டில் ஏறியதும் அவ்வாங்கிலமே. ஆக, ஒரே அறையில் ஒரே வேளையில் இரண்டு சாட்சியங்கள் நடந்தன என்று கூறுவது மிகையாகாது. அவற்றுள் எது புதுக்கடைக்குப் பயணப்பட்டது என்று சொல்லவும் வேண்டுமோ?

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச்சட்டம், ஜேம்ஸ் பிற்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் 1872இல் இந்தியாவுக்கு வரைந்து கொடுத்த சட்டத்தைப் பெரும்பாலும் தழுவியது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கூறிய குற்ற ஒப்புதல் செல்லாது, சாட்சிகளின் எண்ணிக்கை முக்கியமன்று, முப்பது வருடப் பழமையுள்ள உறுதி தகுந்த காவலிலிருந்து வெளிவந்தால் அதன் கையொப்பத்தை மெய்யென ஊகிக்கலாம் என்றெல்லாம் அது விதித்தது. நம் விஷயத்துக்குப் பிரதானமானது அதன் இறுதிப் பிரிவாகிய 167. கீழ்மன்றம் ஏற்கத் தகாத சான்றை ஏற்றுவிட்டது, அல்லது ஏற்கத் தக்கதைத் தள்ளிவிட்டது என்பது மாத்திரமே தீர்ப்பைக் கவிழ்க்கப் போதாது; தகாததை நீக்கிப் பார்த்தாலும் எஞ்சிய சான்று தீர்ப்பைத் தாங்குமாயின், அல்லது தள்ளியதைச் சேர்த்துப் பார்த்தாலும் தீர்ப்பு மாறியிராதாயின், அத்தீர்ப்பு நிற்கும் என்பது அப்பிரிவின் சாரம். மேலிருக்கும் நீதியரசர் இரண்டு வினாக்களைக் கேட்கக் கடமைப்பட்டார்: கட்டளை பிழையா? பிழையாயின், அப்பிழை முடிவை மாற்றியிருக்குமா? அப்பீலில் தோற்று, ‘பிழை என்று அவர்களே ஒப்புக்கொண்டும் என்னைத் தள்ளிவிட்டார்களே’ என்று திகைத்து நிற்பவர்கள், இவ்விரண்டாம் வினாவில் தோற்றவர்களே. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரையும், கணிசமான உரிமைக்குப் பங்கமோ நீதித் தவறோ விளைவிக்காத குறைபாட்டின் பேரில் எந்தத் தீர்ப்பையும் மாற்றலாகாது என்று அதையே வேறு சொற்களில் நிலைநிறுத்தியிருக்கிறது.

சாட்சி சொன்னது மெய்யா பொய்யா என்னும் வினாவில் மேன்மன்றம் இன்னும் அதிக ஒதுக்கம் காட்டியது. 1918இல் கோமறைக் கழகம் இலங்கையிலிருந்து சென்ற பிறட் எதிர் பிறவுண் கம்பனி என்னும் வழக்கில், சாட்சியைக் கண்ணால் கண்டும் காதால் கேட்டும் தீர்மானித்த முதல் நியாயாதிபதிக்கு, கடதாசியில் வாசித்து அறியும் மேன்மன்றத்துக்கு வாய்க்காத விலைமதிப்பற்ற அனுகூலம் உண்டு என்று கூறியது. அன்று முதல் இந்நாட்டின் தீர்ப்புகளில் அந்த வாசகம் கிட்டத்தட்ட மந்திரம்போல் ஓதப்பட்டு வருகிறது. 1981இல் டி சில்வா எதிர் செனவிரத்ன வழக்கில் நீதியரசர் ரணசிங்க இதன் எல்லையைத் தெளிவாக வரைந்தார்: சாட்சியின் நம்பகத்தன்மையை நேரில் கண்டறிந்ததன்மேல் கட்டிய முடிவாயின், முதல் நியாயாதிபதி தமக்குக் கிடைத்த அனுகூலத்தைப் பயன்படுத்தத் தவறினாலொழிய அதில் கைவைத்தல் ஆகாது, ஆவணங்களிலிருந்தும் மறுக்கப்படாத சம்பவங்களிலிருந்தும் பெறும் அனுமானமாயின், மேன்மன்றமும் கீழ்மன்றத்துக்குச் சமமான இடத்திலேயே இருக்கிறது.

கொள்கை என்ற அளவில் இதனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கீழ்க்கரையின் வரலாற்றோடு பொருத்திப் பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் எழாமலிருப்பதில்லை. மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே சாட்சியைக் கேட்ட நியாயாதிபதி அவருடைய முகத்தைக் கண்டார், குரலின் ஏற்ற இறக்கத்தையும் கேட்டார். ஆனால் எந்தச் சொல்லில் குரல் தடுமாறியது என்பதை அவர் அறிந்தாரா? காணிக்குடைய ஒரு போடியாருக்கும் அவருடைய வயலைச் செய்யும் முல்லைக்காரருக்கும் இடையே எழுந்த வயற்காணி வழக்கை எடுத்துக்கொள்வோம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, பத்து வருடம் பிறர் உரிமையை ஒப்புக்கொள்ளாது இடையறாமல் ஆண்டுவந்தவருக்கு அக்காணி சொந்தமாகும். முல்லைக்காரர் தமக்கென்று விதைத்தாரா, போடியாருக்காக விதைத்தாரா என்பதே அங்கு முழு வழக்கும். வயற்கண்டத்தை மேற்பார்க்கும் வட்டை விதானையார் கூண்டில் ஏறி, யார் வெட்டினார், யார் சூடடித்தார், யார் வாரம் அளந்தார் என்று கீழ்க்கரைப் பேச்சில் சொன்னதை, போடியார்-முல்லைக்காரர் ஏற்பாட்டையே அறியாத ஒருவர் ஆங்கிலத்தில் நாலு வரியாகச் சுருக்கி எழுதிவிட்டால், அந்த நாலு வரியின்மேல் ஏற்பட்ட முடிவுக்கு விலைமதிப்பற்ற அனுகூலம் என்னும் கவசத்தை அணிவிப்பது எவ்வளவு தூரம் நியாயம்? மேன்மன்றம் இதனை அறியாதிருந்தது என்று சொல்லமாட்டேன். அறிந்தும் அதற்கு வேறு வழியிருக்கவில்லை, ஏனெனில் அதன் கையிலிருந்ததும் அந்த நாலு வரிதான்.

குற்ற வழக்குகளின் கதை வேறு. சுற்றில் வந்த நீதியரசரும் யூரரும் தூக்குத் தண்டனை விதித்தால், 1938ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் குற்ற மேன்முறையீட்டு மன்றத்தை ஏற்படுத்தும்வரை, இந்நாட்டில் முறையான அப்பீல் கிடையாது. கோமறைக் கழகத்தின் விசேட அனுமதி ஒன்றே கதி. அக்கதியால் தப்பியவருள் பிரசித்தமானவர் ஸ்டீபன் செனவிரத்ன. கொழும்பு டப் ஹவுஸ் மாளிகையில் 1933 ஒக்டோபரில் இறந்த தம் மனைவியைக் குளோரபோம் கொடுத்துக் கொன்றார் என்று யூரர் அவரைக் குற்றவாளியாகக் கண்டனர். 1936இல் கோமறைக் கழகம் அக்குற்றத்தீர்ப்பை நீக்கியது. கிடைத்த சாட்சி அனைவரையும் அழைத்தே தீரவேண்டும் என்னும் பிழையான எண்ணத்தால் அரசதரப்பு வழக்கைக் குழப்பிவிட்டது என்றும், சம்பவத்தை விரித்துரைக்க இன்றியமையாதவர்களை அழைத்தால் போதும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. இன்றும் அது நம் மன்றங்களில் எடுத்தாளப்படுகிறது.

கோமறைக் கழகத்துக்கு இன்னொரு வழக்கு மலாயாவிலிருந்து சென்றது. 1955இல் ஜொகூர் மாநிலத்தில் சுப்பிரமணியம் என்னும் தமிழர் துப்பாக்கி ரவைகளோடு காயமுற்ற நிலையில் பிடிபட்டு, அவசரகாலச் சட்டத்தின் கீழ் மரண தண்டனை பெற்றார். பயங்கரவாதிகள் தம்மை மிரட்டியதாலேயே அவற்றைச் சுமந்ததாக அவர் கூறினார். அவர்கள் மிரட்டிப் பேசியதைச் சொல்ல முற்பட்டபோது, பேசியவர்களையே அழைத்தாலொழிய அது செவிவழிச் சான்று என்று விசாரணை நீதியரசர் தடுத்துவிட்டார். கோமறைக் கழகத்தில் இலங்கையரான எல். எம். டி. டி சில்வா வழங்கிய 1956ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பேசியது உண்மையா என்று நிரூபிப்பதற்காகச் சொன்னால் அது செவிவழிச் சான்று, பேசப்பட்டது என்பதை மாத்திரம் நிரூபிக்கச் சொன்னால் அன்று, என்று பிரித்துக் காட்டியது. மிரட்டல் அவர் மனத்தில் அச்சத்தை விளைவித்ததா என்பதே கேள்வியாகையால் அது கேட்கப்பட்டிருக்கவேண்டும். கேட்டிருந்தால் முடிவு அதுவாகவே இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே குற்றத்தீர்ப்பு நிற்கவில்லை. மேலே கூறிய இரண்டு வினாக்களும் ஒரு மனிதனின் உயிரைக் காத்த வரலாறு இது. உலகெங்கும் சட்ட மாணவர் படிக்கும் ஒரு வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவர் தமிழராகவும் தீர்த்தவர் இலங்கையராகவும் அமைந்ததை நம்மவர் அதிகம் பேசுவதில்லை.

சுதந்திரத்தின் பின்னும் கோமறைக் கழகத்துக்குச் செல்லும் உரிமை நிலைத்ததா என்னும் வினா, இபுறாலெவ்வை என்பவரின் குற்ற வழக்கில் எழுந்து, நிலைத்தது என்றே 1963இல் தீர்ந்தது. இரண்டு வருடம் கழித்து அதே மன்றம், 1962 ஜனவரி ஆட்சிக் கவிழ்ப்புச் சதி முயற்சியின் சந்தேக நபர்களைத் தண்டிக்கவென்றே சான்று விதிகளைப் பின்னோக்கித் திருத்திய சட்டத்தை லியனகே வழக்கில் செல்லாததாக்கியது. 1971 நவம்பர் 15 முதல் இலண்டன் வழி அடைபட்டது. 1974இல் சுற்று நீதிமன்றங்கள் ஒழிந்து மேல் நீதிமன்றங்கள் வந்தன. 1978இல் இன்றைய மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைந்தது.

அடுத்த வருடம் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரிடம் கூறிய ஒப்புதலை அது சான்றாக்கியது; வற்புறுத்தலால் கூறியது என்று நிரூபிக்கும் பாரத்தைக் கூறியவர் தலையிலேயே ஏற்றியது. மட்டக்களப்பைச் சேர்ந்த சிங்கராசா என்னும் தமிழ் இளைஞர் 1993இல் கைதாகி, தமக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்டுத் தமது பெருவிரல் அடையாளம் பதிக்கப்பட்ட ஒப்புதலின் பேரில் 1995இல் ஐம்பது வருடச் சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் தண்டனையை முப்பத்தைந்து வருடமாகக் குறைத்ததேயன்றிக் குற்றத்தீர்ப்பை அசைக்கவில்லை. உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. நிரூபணப் பாரத்தை அவர்மேல் வைத்தது நியாயமான விசாரணைக்கு மாறானது என்று 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு கூறியது. அக்குழுவின் கருத்துக்கு இந்நாட்டில் சட்டவலு இல்லை என்று 2006இல் உயர் நீதிமன்றம் முடிவுரைத்தது. பொலிஸ் ஒப்புதலை 1895இலேயே வெளியே நிறுத்திய ஒரு சட்டமரபு, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, அதே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அதற்கு நியாயமும் சொல்லியது என்பதே என் அபிப்பிராயம்.

மீண்டும் காணி வழக்குக்கு வருவோம்; நம் பகுதியின் அப்பீல்களில் மனிதர் அதிகம் தவிப்பது அங்கேதான். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது மருதமுனையில் வீடுகளோடு உறுதிகளும் போயின. மூலவுறுதி அழிந்துபோனால் காணிப் பதிவகத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கொண்டு நிரூபிக்கலாம் என்று சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 65ஆம் பிரிவு வழிவிடுகிறது. ஆனால் எதிராளி ஆட்சேபித்தால் அவ்வுறுதி முறைப்படி நிரூபிக்கப்படவேண்டும். இங்கே நம் நாட்டின் ஒரு சம்பிரதாயத்தை வழக்காளி அறிந்திருத்தல் அவசியம்: ஆவணத்தை அடையாளமிடும்போது ஆட்சேபித்தும், வழக்கை முடிக்கையில் அதனை மன்றத்தில் வாசிக்கும்போது மீண்டும் ஆட்சேபியாது விட்டால், அது சகல காரியங்களுக்கும் சான்றாகிவிடும் என்று இலங்கைத் துறைமுக அதிகாரசபை எதிர் யூகொலினியா வழக்கில் பிரதம நீதியரசர் சமரக்கோன் கூறினார். முதல்மன்றத்தில் வாய் திறவாதவர் புதுக்கடையில் எவ்வளவு வாதாடினும் பயன் சொற்பமே. புதிய சான்றைச் சேர்க்க வேண்டுமென்றால், முன்னரே தகுந்த முயற்சியெடுத்தும் கிடைக்காதிருந்திருக்கவேண்டும், வழக்கின் முடிவில் முக்கிய செல்வாக்குச் செலுத்தத்தக்கதாகவும் நம்பத்தக்கதாகவும் இருக்கவேண்டும் என்னும் நிபந்தனைகளை ரத்வத்தை எதிர் பண்டார வழக்கு வகுத்திருக்கிறது. பெட்டியடியில் கிடந்து மறந்துபோன உறுதிக்கு அதில் இடமில்லை.

மணவிலக்கிலும் தாபரிப்பிலும் நம் ஊர் முஸ்லிம் பெண்கள் அறிந்த அப்பீல் பாதை வேறொன்று. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படி காதி நீதிபதியிடமிருந்து காதிகள் சபைக்கும், அங்கிருந்து அனுமதியின் பேரில் மேன்மன்றத்துக்கும் வழக்குச் செல்லும். காதியிடம் சட்டத்தரணி தோன்ற முடியாது என்பதால், எழுத வாசிக்கத் தெரியாத ஒரு பெண் தன் சாட்சியம் எவ்வாறு பதிவாகிறது என்பதைக் கவனிக்கத் தனக்கென ஒருவருமின்றி நிற்கிறாள். இதனைச் சீர்திருத்தும் பேச்சு பல்லாண்டாக நடக்கிறது.

காலம் செல்லச் செல்லப் புதுக்கடை ஓரளவு நம் பக்கம் வந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் மாகாணந்தோறும் மேல் நீதிமன்றம் அமைத்து, நீதவான் நீதிமன்றத் தீர்ப்புகளின்மேல் அப்பீலையும் மீளாய்வையும் அதன் கையில் கொடுத்தது. 1990ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அதனை விரித்தது. 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்ற வழக்குகளின் அப்பீலையும் இரு நீதிபதிகளுக்குக் குறையாத அமர்வுக்கு ஒப்படைத்தது. கல்முனையில் உள்ள வழக்குக்குக் கல்முனையிலேயே மேன்முறையீடு கேட்கப்படுகிறது என்பதைத் தோணியேறிய பாட்டனார் நம்பியிருக்கமாட்டார். 1988இன் பதினாறாம் திருத்தத்தால் வடக்கு கிழக்கில் தமிழே நீதிமன்றப் பதிவு மொழியுமாயிற்று. ஆயினும் அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு ஏறும்போது, தமிழ்ப் பதிவேடு ஆங்கிலமாக வேண்டியிருக்கிறது. வட்டை விதானையாரின் சொல் இன்றும் இடையில் ஒருவர் கைப்பட்டே மேலே போகிறது.

ஆகவே, சாட்சி சொல்பவர் தம் வாக்குமூலம் வாசிக்கப்படும்போது செவிகொடுத்துக் கேட்டு, பிழையிருந்தால் அவ்விடத்திலேயே திருத்தச் சொல்லவேண்டும்; ஆட்சேபம் உண்டென்றால் அதனைப் பதியுமாறு சட்டத்தரணியைக் கேட்கவேண்டும். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின் மேல் அப்பீல் அறிவித்தலுக்கு, ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் நீங்கலாகப் பதினான்கு நாள். மேன்முறையீட்டு மனுவுக்குத் தீர்ப்புத் தேதியிலிருந்து அறுபது நாள். மாகாண மேல் நீதிமன்றத்தின் குடியியல் தீர்ப்பிலிருந்து உயர் நீதிமன்றத்தின் அனுமதி கோர நாற்பத்திரண்டு நாள்.